அளவுத் தகட்டில் படுக்காத கோது

என் மேசை லாச்சியில் ஒரு பித்தளைக் கோது கிடக்கிறது. பழைய பட்டாளத் துவக்கில் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது. அதோடு ஓர் இரும்புத் தகடும் இருக்கிறது. ஓரத்தில் சதுரமாக வெட்டு விட்ட தகடு. அந்த வெட்டுக்குள் கோது படுத்தால் நீளம் சரி. படுக்காவிட்டால் வாயை இன்னும் சீவவேண்டும். இந்தக் கோது படுக்காது. தகட்டைச் செய்தவன் நான். கோதைச் சீவியவனும் நான்தான்.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப்போய்ச் சில வருடங்களான காலம். துறைமுகப் பட்டறையில் நான் லேத் வேலை பார்த்தேன். சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் ஸ்டோர் ஐயா என்போம். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், மெலிந்த மனிதர், மனைவியை இழந்தவர். ஒரே ஒரு மகள். கந்தளாயில் இருந்த கொஞ்ச வயலைப் பன்றிகளிடமிருந்து காப்பதற்கு லைசென்ஸ் எடுத்து ஒரு பழைய ரைபிள் வைத்திருந்தார். புதுத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், சுட்ட கோதுகளைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்புவார். சுட்ட கோது உப்பிப்போயிருக்கும். அதை ஓர் அச்சுக்குள் இடித்து இறக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரவேண்டும். ஈரக் களிமண்ணைக் கைக்குள் வைத்து நெருக்கினால் நீளுவதைப் போல, அச்சில் நெருக்குண்ட பித்தளை நீண்டுவிடும். நீண்ட வாயைச் சீவாமல் விட்டால் அது துவக்கின் அறைக்குள் போய் இறுகிக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். குண்டு வெளியேற முடியாமல் வெடி பின்பக்கம் திரும்பும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெருக்குவது அவர் வேலை, சீவுவது என் வேலை. லேத்தில் அவருடைய அளவுக்கென்றே ஒரு தடைக்கட்டை பூட்டி வைத்திருந்தேன். கட்டையில் முட்டும்வரை ஓட்டினால் அளவு தானாக வந்துவிடும். என் கைவேலையின் சுத்தத்தைப் பற்றி எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் மத்தியானம் அவர் பன்னிரண்டு கோதுகளோடு வந்தார். அச்சு வீட்டில் இருந்ததால் கோதுகளை இன்னும் நெருக்கவில்லை. கதிர் முற்றியிருந்தது, பன்றி இறங்கத் தொடங்கிவிட்டது. நானோ கிண்ணியாவில் இருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நின்றேன். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் பெருநாள் சனம் நெரியும். பிந்தினால் கரையில் காய வேண்டியதுதான்.

“முதல் நெருக்கிப்போட்டுத்தான் சீவோணும் நானா. மாறிச் செய்யேலாது,” என்றார். முஸ்லிம் என்பதால் என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன் ஏலாது? எவ்வளவு நீளும் எண்டு எனக்குத் தெரியும். அந்தளவு கூடச் சீவித் தாறன். நீங்கள் வீட்ட போய் நெருக்குங்கோ, சரியா வந்து நிக்கும். அளக்கவும் தேவையில்லை.”

அவர் கோதுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, “நீங்கள் சொன்னால் சரிதான்,” என்று கோதுகளைத் தந்தார்.

பன்னிரண்டையும் சீவிக் கொடுத்துவிட்டு ஓடினேன். தகடு லேத்தின் மேலேயே கிடந்தது. பாதை நடுத் தண்ணீருக்கு வந்தபோதுதான் எனக்குத் தடைக்கட்டை நினைவுக்கு வந்தது. அதை நான் நகர்த்தவில்லை. கூடச் சீவுவதாக வாய் சொன்னது; கை வழக்கம்போலக் கட்டையில் முட்டும்வரை ஓட்டிவிட்டு நின்றுவிட்டது. அக்கரையில் இறங்கியதும் திரும்பியிருக்கலாம். பெருநாள் முடிந்து போய்ச் சொன்னால் போதும், அதற்குள் எங்கே சுடப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புத்தாடைகளை எதிர்பார்த்து வீட்டில் நாலு பிள்ளைகள் நின்றார்கள்.

பெருநாளன்று விடிகிற நேரத்தில் அவர் சுட்டார். இரண்டாவது வெடி பின்னால் திரும்பியது. நான் வேலைக்கு வந்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். கட்டிலருகே பொலிஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். “வெடிமருந்து கூடிப்போச்சு. என்ர கைப்பிழை,” என்று ஸ்டோர் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்க லேத்தில் தோட்டா வேலை செய்ததாக நான் வாயைத் திறந்தால் வேலை அன்றைக்கே போயிருக்கும். கொண்டுபோன தோடம்பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோழை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அதைக் குடும்பப் பொறுப்பு என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கண்ணில் கட்டோடு பட்டறைக்கு வந்தார்.

“அந்த அளவுத் தகடு கிடக்கோ நானா?”

எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் லேத்தை ஓட்டினேன். அவர் போனார்.

லைசென்ஸை ரத்துச் செய்தார்கள். அடுத்த போகம் முழுவதும் பன்றிக்குப் போனது, வயலை விற்றார். ஒற்றைக் கண்ணோடு சாமான் அறையில் தடுமாறிவிட்டு வயது வருமுன்பே ஓய்வெடுத்துக்கொண்டார். தெருவில் கண்டால், “சுகமா நானா?” என்று கேட்பார். “ஓம் ஐயா,” என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் கதை இருக்கவில்லை. இருபது வருடம் அப்படியே போனது.

போன மாதம் அவர் காலமானார். செத்தவீட்டுக்குப் போய்ப் பின்வரிசைக் கதிரையில் இருந்துவிட்டு வந்தேன். எட்டு நாள் கழித்து மகள் என் வீட்டுக்கு வந்து ஒரு பிஸ்கட் பேணியைத் தந்தாள். உள்ளே தகடும் ஒரு கோதும்.

“சுடாமல் மிஞ்சின தோட்டாவில ஒண்டைப் பிரிச்சு அளந்து பாத்தவர். தகட்டை வாங்கி வந்த அண்டைக்கே,” என்றாள். “தான் போன பிறகு உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். நானா ஒருநாளைக்கு வந்து சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டும் சொல்லச் சொன்னவர்.”

அவளிடமாவது சொன்னேனா? இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி சொன்னேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.

தினமும் ஒருமுறை லாச்சியைத் திறந்து கோதைத் தகட்டில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு தலைமயிர்க் கனம் இடிக்கிறது. லேத்தில் பூட்டினால் அரை நிமிட வேலை. வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி லாச்சியை மூடிவிடுகிறேன்.