பதினெட்டாம் நம்பர் மிஷின்

போன வாரம் என் மகள் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மானிட்டர் வாங்கி வந்தாள். ஏற்கெனவே அவள் மேசையில் ஒன்று இருக்கிறது. எதற்கம்மா இன்னொன்று என்று கேட்டேன். ஒன்றில் மீட்டிங், இன்னொன்றில் வேலை, இல்லாவிட்டால் நாள் முழுக்க மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். நல்ல விளக்கம்தான். ஏறக்குறைய இதே விளக்கத்தை இதே முகத்தை வைத்துக்கொண்டு நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதால் பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அறையை எட்டிப் பார்த்தேன். இரண்டு திரையையும் சேர்த்து ஒருவன் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

பெட்டியைப் பிரித்தபோது தெர்மாக்கோல் வாசனை வந்தது. புது பிளாஸ்டிக்கும் தெர்மாக்கோலும் கலந்த அந்த வாசனை உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அது வந்தால், அழைக்காமலே பின்னால் கும்மிடிப்பூண்டியின் இரும்புத்தூள் வாசனையும் வந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் அடுத்த மாசம் அமெரிக்காதானே என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நான் மீஞ்சூரில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு விசா தேவைப்படவில்லை.

பம்புக்கும் வால்வுக்கும் வேண்டிய உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கிற சின்ன கம்பெனி அது. அந்தப் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுவது என் வேலை. அதுவரை கையால் போட்டுக்கொண்டிருந்தவர் ரிட்டயர் ஆனதும் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. கூடவே என்னையும் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் ஜெயராமுலு சார் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். லேத் ஓட்டுகிறவராகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர். பிடித்தவர்களை நைனா என்பார், பிடிக்காதவர்களையும் நைனா என்பார். குரலை வைத்து நாம் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய ராஜ்ஜியத்தில் சட்டங்கள் குறைவு. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர், ஒரு ஆபரேட்டர். ஓடுகிற மிஷின் நிற்கக் கூடாது. ஷெட்டில் எங்கேயாவது சத்தம் ஒரு சுருதி குறைந்தால் போதும், டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே கேபினை விட்டு வெளியே வந்துவிடுவார்.

கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு ஆள் வந்தார். பதினாறாம் நம்பர் டிரில்லிங் மிஷினோடு வரிசை முடிந்திருந்ததால் எனக்குப் பதினேழு. அதை மானிட்டரின் நெற்றியில் எழுதினார்கள். சார், கம்ப்யூட்டர் என்பது கீழே இருக்கிற அந்தப் பெட்டி என்று சொல்லிப் பார்த்தேன். படம் எதில் வருகிறதோ அதுதான் மிஷின் என்று முடித்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா மிஷின்காரர்களுக்கும் துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் துணி கொடுப்பார்கள். எனக்கும் ஒரு கைப்பிடி வரும். எண்ணெய் எப்போது போட வேண்டும் என்று ஒரு தடவை விசாரித்தார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன், சத்தம் போடாத மிஷினை அவர் வாழ்க்கையில் முதன்முதலாக அப்போதுதான் பார்க்கிறார்.

அந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் மானிட்டர் சொருக இரண்டு இடம் இருப்பதை ஒரு நாள் கவனித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கார் ரேஸ் விளையாட்டை அகலமாக விரித்து ஆடலாம் என்று பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பன் ஏற்கெனவே காதில் ஓதியிருந்தான். மேனேஜரிடம் கார் ரேஸ் என்று சொல்ல முடியுமா? ஒன்றில் கஸ்டமர் கொடுத்த படம், இன்னொன்றில் நான் போடுகிற படம், புரொடக்‌ஷன் ரெட்டிப்பாகும் சார் என்றேன். நான் சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மானிட்டர் வந்தது. தெர்மாக்கோலைப் பிரித்து, ஏறக்குறைய என் எடைக்குச் சரியாக இருந்த அந்தக் குண்டு மானிட்டரை மேசையில் ஏற்றினோம். பெயின்ட் டப்பாவும் வந்தது. பதினெட்டு. திங்கட்கிழமை காலையில் விசிலடித்துக்கொண்டே உள்ளே போகிறேன், பதினெட்டாம் நம்பருக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி முதுகில் சாப்பாட்டுப் பை தொங்குகிறது. அவள்தான் புது ஆபரேட்டர். மிஷின் வந்தால் ஆபரேட்டர் வர வேண்டும், அதுதானே சட்டம்.

எஸ்தர் என்று பெயர். கவரைப்பேட்டையில் ஏறுவாள். என்னைப் போலவே டிப்ளமா. அவளுடைய அப்பா முன்னால் வயல்களில் கூலிக்குப் போனவர். வயலெல்லாம் ஷெட்டாக மாறிய பிறகு பக்கத்து இரும்பு ஆலையில் கம்பி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். முதுகு போய்விட்டது, ஆனாலும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தினமும் போய்க்கொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து எஸ்தரைப் பெர்மனென்ட் ஆக்கிவிட்டால் மறுநாளே அவரை வீட்டில் உட்கார வைத்துவிடலாம். அவள் குறி அது ஒன்றுதான். இதையெல்லாம் ரயிலில் சொன்னாள். முதல் நாள் அவள் பேசியது வேறு. மேசைக்குக் கீழே குனிந்து வயரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னா சார், ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ள போவுது?"

"ஆமா."

"அப்ப நான் இன்னாத்துல வேலை செய்றது?"

 மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் அவள் அந்த நிமிஷமே சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவளைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பார்த்துக்கலாம்மா என்றேன். என் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாவற்றையும் இந்த ஒரு வார்த்தையை வைத்தே எடுத்திருக்கிறேன்.

ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், இரண்டு திரை, இரண்டு ஆள். மவுஸை நடுவில் வைத்தோம். அவள் வரையும்போது நான் காகிதத்தில் இருந்த கஸ்டமர் படத்தைப் பார்த்து அளவு வாசிப்பேன். நான் வரையும்போது அவள் வாசிப்பாள். இதில் ஒரு பேஜாரு என்னவென்றால், கண்ணாடி கேபினுக்குள்ளிருந்து பார்க்கிற சாருக்கு இரண்டு மிஷினும் ஓட வேண்டும். சும்மா இருக்கிற திரையில் ஒரு வால்வு மூடியை மெதுவாகச் சுற்றவிட்டு வைத்தோம். அது பாட்டுக்குத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். பதினெட்டாம் நம்பர் நிற்காமல் ஓடுகிறது என்று சாருக்கு ஏகப்பட்ட திருப்தி. வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

வேடிக்கை என்னவென்றால் வேலையும் நன்றாக நடந்தது. தனியாக இருந்தபோது நான் அளவுகளை மாற்றிப் போட்டுவிட்டு, அது மிஷின் ஷாப்பில் இரும்பாகி வந்த பிறகு திட்டு வாங்குவேன். எஸ்தர் வந்த பிறகு தப்பு மேசையிலேயே மாட்டிக்கொண்டது. அவள் என்னைக் கூப்பிட்ட முதல் வாரத்து சார், இரண்டாவது வாரத்தில் அண்ணாவாகிவிட்டது. அண்ணா, இந்த ஓட்டையை எங்க போட்டுக்கினு இருக்கீங்க என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஓட்டை தப்பான இடத்தில்தான் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் கார் ரேஸ். இரண்டு திரைக்கும் படம் விரியும், ஆனால் கார் சரியாக நடுவில், இரண்டு மானிட்டரின் தடித்த விளிம்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இடது பக்கச் சக்கரம் என்னிடம், வலது பக்கச் சக்கரம் அவளிடம். ஒரே கீபோர்டுதானே, ஆக்சிலேட்டர் எனக்கு, ஸ்டியரிங் அவளுக்கு. ஷாப்பிலிருந்து ஆட்கள் டிபன் பாக்ஸோடு வந்து பின்னால் நிற்பார்கள். ரோட்டுக்கு நடுவுல எவன்யா செவுரு கட்டினது என்று ஃபிட்டர் ஒருவர் தினமும் கேட்பார், தினமும் சிரிப்போம். எஸ்தர் ஓட்டினால் வண்டி எதிலும் இடிக்காது. நான்தான் பிரேக்கை அழுத்த மறந்து அவளிடம் பேச்சு வாங்குவேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. வேலையெல்லாம் செய்கிற பெட்டி மேசைக்கு அடியில் ஒரு பொட்டுகூட இல்லாமல் கிடந்தது. பாவமாக இருக்கிறதே என்று எஸ்தர்தான் இரண்டு சாமந்தியைக் கிள்ளி அதன் தலையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண், எங்கள் எல்லோரையும் விட அவளுக்குத்தான் அந்தப் பெட்டியிடம் பக்தி இருந்தது.

அவளுடைய ஆறு மாதம் முடிகிற சமயத்தில் மெட்ராஸ் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்தான். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. நல்ல பையன், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் சிரிப்பு. மேசைக்கு அடியில் குனிந்து பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, இன்னொரு கம்ப்யூட்டர் எங்கே சார் என்று கேட்டான். சார் பதினெட்டைக் காட்டினார். அவன் சிரித்துவிட்டான். பிறகு மரியாதையாகவே விளக்கினான். இது ஒரே ஆள் இரண்டு திரையையும் பார்த்து வேலை செய்வதற்கு, வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தான், ஒரு ஆள் போதும் என்றான். இவ்வளவு முன்னேறிய ஏற்பாட்டைச் செய்ததற்காக என்னைப் பாராட்டி வேறு விட்டான். 

சார் அன்று முழுக்க கேபினை விட்டு வெளியே வரவில்லை. ஷெட்டில் ஒரு லேத் நின்றபோதும் வரவில்லை. மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஏமாற்றினீர்களா என்று கத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை. இரண்டு பேர் பார்த்தால் படத்தில் தப்பு வருவதில்லை சார் என்று நான் ஆரம்பித்தேன். தெரியும் நைனா என்றார். ஸ்டோரிலாவது அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுங்கள் என்று ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அவர்கள் முடியாது என்றிருக்கிறார்கள். எஸ்தர் அதுவரை தலையைக் குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மிஷின் ஒண்ணுதான்னு எனக்கு மொத நாளே தெரியும் சார். ஆனா வேலை ரெண்டு பேரும்தான் செஞ்சோம். அதுவுமா பொய்யி?"

சார் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பொய்யி இல்லம்மா. மிஷின் இல்லியே, நான் இன்னா பண்ணட்டும்."

சாயங்காலம் ரயிலில் அவள் அழவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டாள். அவர் பெல்ட்டைக் கழற்றி வைக்க நாள் பார்த்துவிட்டாராம்.  கவரைப்பேட்டையில் இறங்கி, வரேன்ணா என்றாள். அதற்குப் பிறகு அந்த ரயிலில் நான் அவளைப் பார்க்கவில்லை. கையில் போன் இல்லாத காலம், ரயிலில் பார்க்காவிட்டால் பார்க்காததுதான்.

நாற்காலியை எடுத்துப் போனார்கள். எனக்கு விசாலமாக இடம் கிடைத்தது. இரண்டு திரையும் என் பக்கம் திரும்பின, உலக வழக்கப்படி நான் முன்னேறிவிட்டேன். கொஞ்ச நாளில், ஒரு ஆள் இரண்டு ஆள் வேலையைச் செய்ய முடியும் என்றால் செய்யட்டுமே என்று ஹெட் ஆபீசில் படங்களையும் ரெட்டிப்பாக்கினார்கள். ஆள் குறைத்ததற்காக ஜெயராமுலு சாருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாக வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை. ஒரு லாட் உதிரிபாகம் முழுக்க ஓட்டை இடம் மாறி வந்த அன்று, திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் எஸ்தர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, அந்தப் பொண்ணு இப்போ எங்கே வேலை செய்யுது, தெரியுமா நைனா என்று கேட்டார். தெரியாது சார் என்றேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஷெட்டை யாரோ கோடவுனாக வைத்திருக்கிறார்கள். ஜெயராமுலு சாரும் காலமாகிவிட்டார். சில சமயம் எஸ்தர் என்று அடித்துத் தேடிப் பார்க்கிறேன். திரை நிறைய எஸ்தர்கள் வருகிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். அவளைக் கண்டுபிடித்தால் கேட்பதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவங்கப்பா கம்பி தூக்குவதை எப்போது நிறுத்தினார் என்று மட்டும் கேட்க வேண்டும்.