அம்மா சொன்ன தேதி

கண்ணில் அறுவை சிகிச்சை என்றால், மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அம்மா செய்தித்தாளைக் கையில் எடுத்துவிடுவார் என்றுதான் நம்பினேன். எதிர்வீட்டு மாமாவுக்குக் கண்புரை எடுத்தபோது அப்படித்தான் நடந்தது. கண்புரை வேறு, விழித்திரை வேறு என்பது ஐம்பதைக் கடந்த இந்த மண்டைக்கு ஏறவில்லை.

அம்மா சைதாப்பேட்டையில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். கல்யாணப் பத்திரிகையோ நினைவு மலரோ, அவருடைய சிவப்பு மை படாமல் அச்சேறாது. பேசியது சைதாப்பேட்டைத் தமிழ், திருத்தியது செந்தமிழ். ஓய்வுபெற்ற பிறகும் காலையில் செய்தித்தாளைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் காபி.

வயதால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தது. ஒரு கண் முன்பே மங்கிவிட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் நடுவில் ஓட்டை விழுந்தபோது, "கதவு நெளிஞ்சிக்கினு கீதுடா" என்றார்.

மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார்: "ஓட்டைய மூடப் பாக்கலாம். நெளிவு குறையலாம். ஆனா தேய்ஞ்ச இடம் தேய்ஞ்சதுதான். மறுபடி படிப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்." முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. அதையே சொந்தபந்தம் முழுக்கப் பரப்பினேன்.

அறுவைக்குப் பின், ஓட்டையை அழுத்தி மூடக் கண்ணுக்குள் வாயு நிரப்பி, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். வாயு என்றதும் பதறிப்போய்ச் சமையலறை சிலிண்டரை மூடினேன்.

"கண்ணுலதான்டா ஆபரேசன், வவுத்துல இல்ல. அடுப்ப பத்த வை" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. நலம் விசாரிக்க வந்த சித்தி, முகம் பார்க்காமல் போகக் கூடாதென்று கட்டிலோரம் தரையில் மல்லாந்து படுத்தே பேசினார்.

வாயு கரைந்ததும் என் பரீட்சை ஆரம்பம். காலையில் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துவிட்டுக் காலண்டரை நீட்டுவேன். "தேதி தெரியுதாம்மா?" சரியாகச் சொல்வார். தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தேன்.

ஒரு நாள் கிழிக்க மறந்து நீட்டினேன். அம்மா அன்றைய தேதியைச் சொன்னார்.

"அம்மா, இது நேத்து தாளும்மா."

காலண்டரை என் பக்கமே தள்ளினார். பிறகு, "டிவில சொல்றத வச்சி சொல்லிக்கினு இருந்தேன். நீ ஊரு பூரா ஸ்வீட்டு குடுத்துட்ட, நான் இன்னாடா பண்ணுவேன்? பரீச்ச வச்சது போதும். பேப்பர எடுத்து படி."

அன்றிலிருந்து படித்தேன். என் உச்சரிப்பையும் திருத்தினார். அதற்கு முன்பு தெரியுதா, தெரியுதா என்று நச்சரித்த காலைகளிலும் படித்துக் காட்டியிருக்கலாம். அந்த வருத்தம் மட்டும் கிண்டலுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

போன மார்கழியில் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை.

உண்மையைச் சொன்ன மருத்துவருக்கும், சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக்கொண்ட தங்கைக்கும், தரையில் படுத்த சித்திக்கும், ஸ்வீட் வாங்கிக்கொண்டு பிறகு ஒரு கேள்வியும் கேட்காத தெருவாருக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்கான இந்த நினைவு மலரில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை.

நடந்தது இதுதான். ஓட்டை மூடியது. கதவு நேராகத் தெரிந்தது. அம்மா அதன்பின் ஓர் எழுத்தும் படிக்கவில்லை.