பிலோமினா அக்கா கடந்த பாலம்

செவ்வாய்க்கிழமை காலை லவாலில் மெட்ரோவுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்காவின் மூத்த மகள் ஷெரின்.

"வசந்தி அன்ரி, அம்மா எழும்புறா இல்லை."

"நல்ல நித்திரை போல. இன்னொருக்காத் தட்டிப் பார் பிள்ளை," என்றேன்.

"அம்புலன்ஸ்காரர் வந்திட்டினம் அன்ரி. அவை பாத்துச் சொல்லீட்டினம்."

படியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் "பார்டோன்" சொல்லி என்னை விலத்திக்கொண்டு போனார்கள். முதல் நாள் பின்னேரம் அக்கா பஸ் ஏறும்போது, "நாளைக்கு உன்ர சுவெற்றரைக் கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனவர். அறுபத்திரண்டு வயது. ஒரு குளிசை மருந்துகூடப் போடாதவர். இதை எழுதும்போதும் அந்தச் செய்தியை என் மனம் ஏற்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னாரில் பிறந்தவர். கணவருடன் அகதியாக மொன்றியலுக்கு வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் ஷெரினையும் இளையவள் நத்தலியையும் வளர்த்தார். கணவர் சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் பதினெட்டு வருடம் என் பக்கத்தில் நின்று தட்டு அடுக்கினார். வேகமான கை, குறைந்த பேச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் பிரெஞ்சில் ஏசியதைக் கேட்டு அழுதேன். அக்கா திரும்பிப் பாராமலே, "அழுறதெண்டா குளிர் அறைக்குள்ள போய் அழு. அங்க எல்லாற்ற மூக்கும் ஓடும், ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

எங்களோடு அதே மேசையில் வேலை செய்பவர் எமினா. பொஸ்னியாவிலிருந்து வந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், தன் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் தன் ஊரான மொஸ்தார் நகருக்குக் கூட்டிப்போனார்.

ஊருக்கு நடுவே நெரேத்வா ஆறு பச்சையாக ஓடுகிறது. அதன்மேல் ஒற்றை வளைவாக ஒரு கல்பாலம். நானூறு வருடத்துக்கு மேல் நின்ற பாலத்தைப் போரில் அடித்து விழுத்தினார்கள். போர் முடிந்தபின் அதே அமைப்பில், அந்த ஊர்க் கல்லிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று பாலம் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள்.

மாப்பிள்ளை வீடு அக்கரையில். பாலத்தடிக்கு வந்ததும் எமினா நின்றுவிட்டார். போரின்போது தண்ணீர் எடுக்கப் பழைய பாலத்தால் போன அவருடைய தம்பி உயிரோடு திரும்பி வரவில்லையாம்.

"இது என்னுடைய பாலம் இல்லை. அதைப் பார்த்துச் செய்தது. நான் இதில் கால் வைத்ததே இல்லை. நீங்கள் போங்கள், நான் றோட்டுப் பாலத்தால் சுற்றி வருகிறேன்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஒரு கோப்பிக்கடைப் படியில் உட்கார்ந்தார்.

அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். "வசந்தி, எனக்கு இவ்வளவு பிரெஞ்சு வராது. நான் சொல்லுறதை அவவுக்குச் சொல்லு."

ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்கட பக்கத்திலயும் ஒரு ஆத்துப் பாலம் இருந்தது. சண்டையில உடைச்சுப் போட்டாங்கள்."

சொன்னேன்.

"அந்தக் கிழமை என்ர மூத்தவனுக்குக் காய்ச்சல்."

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்கு இரண்டு பெண்கள்தானே?

"மூண்டு வயசு. ஜெரோம். ஆறு பெருகி ஓடினது, வள்ளக்காரன் இறக்கமாட்டன் எண்டிட்டான். ரெண்டு நாள் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு கரையில இருந்தம். அக்கரையில ஆஸ்பத்திரி தெரிஞ்சது. நேர்ஸ்மார் வெள்ளை உடுப்புக் காயப்போட்டதுகூடத் தெரிஞ்சது."

நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"நிப்பாட்டாதை. சொல்லு," என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எமினாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாம் நாள் பின்னேரம் பிள்ளை செத்துப்போச்சு. சண்டை முடிஞ்சு அங்க புதுப் பாலம் போட்டவங்களாம். நானும் போய்ப் பாக்கேல்லை. எனக்கும் கோவம்தான். ஆனா நாளைக்கு ஆரோ ஒருத்தியின்ர பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, தாய் தூக்கிக்கொண்டு நடந்து போவாள். இதை வடிவாச் சொல்லு."

என் உடைந்த பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். எமினா எழுந்து அக்காவின் கையைப் பிடித்தார். அந்தக் கல் வழுக்கும். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு ஏறினார்கள், நான் கைப்பைகளோடு பின்னால் போனேன். அக்கரையில் இறங்கியதும் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிசம்," என்றார். "ரெண்டே ரெண்டு நிமிசம், வசந்தி."

கல்யாண வீட்டில் அவர் நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார். திரும்பி வரும்போது, "பிள்ளையளுக்கு நானே சொல்லுவன். நீ ஒண்டும் கதைச்சுப் போடாதை," என்றார். அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வியாழக்கிழமை ஷெரின் அஞ்சலி அட்டையை என்னிடம் நீட்டினாள். அச்சடித்து வந்துவிட்டது. 'ஷெரின், நத்தலி ஆகியோரின் அன்புத் தாயார்' என்றிருந்தது. அக்கா சொல்லாமலே போய்விட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. உலகத்தில் ஜெரோம் என்ற பெயரைத் தெரிந்தவர்கள் இனி நானும் எமினாவும் மட்டுமா? குசினிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஷெரினுக்கு முகம் வெளிறிவிட்டது. "எங்களுக்குச் சொல்லாமல் அம்மா உங்களுக்குச் சொன்னவவோ?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நத்தலி அட்டையை எடுத்துத் திரும்ப வாசித்தாள். நான் செய்தது பிழையோ? அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஷெரின் ஒரு பேனையோடு வெளியே வந்தாள்.

"அண்ணான்ர பேரைத் தமிழில எப்பிடி எழுதுறது, அன்ரி?"

ஒவ்வோர் அட்டையிலும் கையால் எழுதினார்கள். ஷெரின் நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத் தமிழில் எழுதினாள். தமிழ் எழுதத் தெரியாத நத்தலி பிரெஞ்சு எழுத்தில் எழுதினாள். சனிக்கிழமை மாதா கோவிலில் எமினா ஓர் அட்டையை வாங்கி, அந்தப் பெயரை விரலால் தடவி, சவப்பெட்டிக்குள் அக்காவின் கைக்கருகில் வைத்தார்.

அக்கா, நீங்கள் சொல்லவிருந்ததை நான் சொல்லிவிட்டேன். இதற்கு என்னை ஏச நீங்கள் இல்லை என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஆறுதலாகப் போங்கோ. உங்கள் மூன்று பிள்ளைகளின் பெயரும் உங்களோடு வருகிறது.