செத்துப்போன கங்காணி வேடம்

இது கட்டிய கதை இல்லை. மாதா மேல் ஆணை, மாரியம்மன் மேல் ஆணை, கேமரன் மலையில் பட்டப்பகலில் நடந்த சங்கதி. பதினெட்டுப் பேர் கண்ணால் பார்த்த சாட்சிகள். அதில் நாலு பேர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மைதான். குணாளன் சாரின் தலைமையுரைக்குப் பிறகு நடந்த விஷயம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வருஷம் 1981. வியாழக்கிழமை தவறாமல் வானொலியில் ஒரு தோட்டத்து நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரசிகர் வட்டம் இருந்தது. சும்மா கேட்டுவிட்டுக் கைதட்டிப் போகிற வட்டம் இல்லை. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் ஊர் எது, என்ன வியாதி, யாரைக் காதலித்துத் தோற்றது என்று நாலு பேரிடம் விசாரித்து, வளர்த்து, வட்டத்தின் சைக்லோஸ்டைல் ஏட்டில் அந்தப் பாத்திரமாகவே எழுத வேண்டும். கூட்டத்துக்கு வேடத்தோடு வர வேண்டும்.

தலைவர் குணாளன், ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர். துரை வேடம் அவருக்கு. வேறு யாருக்குக் கொடுப்பது? தொப்பி அவரிடம்தானே இருந்தது. கதாநாயகன், டாக்டர், கதாநாயகனின் மாமா எல்லாம் உத்தியோகம் பார்க்க மலையேறி வந்தவர்களுக்கே போயின.

சிரில் அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவன். தானா ராத்தா டவுனில் லோரிப் பட்டறை மெக்கானிக். அவன் கேட்டது கதாநாயகனின் தம்பியை.

“தம்பி வேடத்துக்கு ஒரு படிச்ச களை வேணும்லா சிரில். நீ செத்துப்போன கங்காணிய எடுத்துக்க.”

“அவரு நாடகத்துலயே வரலயே சார். செத்துட்டாருன்னு ஒரு தடவ சொன்னாங்க, அவ்ளோதான்.”

“அதான் உனக்குச் சௌகரியம். வசனம் மனப்பாடம் பண்ண வேணாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிலுக்குக் காது மடல் கொதித்தது. தோட்டத்து நாடகம், தோட்டத்து வட்டம், தோட்டத்தில் பிறந்தவனுக்கு மட்டும் பிணம்! சரி, அந்தப் பிணத்தை வைத்தே இவன்களுடைய உயிருள்ள பாத்திரங்களையெல்லாம் படுக்க வைக்கிறேன் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

லயம் லயமாகப் போய் விசாரித்தான். “கங்காணின்னா என்னா, ரெண்டு கொம்பா இருக்கும்? விடியமுன்ன கதவத் தட்டி ஆள எழுப்புவாரு. பெரட்டுல ஆள வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்புடுவாரு. பிந்துனா அரைப்பேருதான், பாதிநாள் கூலி போச்சு” என்றார்கள். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. மிச்சத்தை அவனே உண்டாக்கினான். கறுப்புக் கோட்டு. பிரம்பு. கதவில் இரண்டு தட்டு. “ஆள் எழும்பலையா?” என்று ஒரு கேள்வி. இவற்றோடு, பாதம் வெளிப்பக்கம் திரும்பி இழுபடுகிற ஓர் இடது கால். அந்தக் கால் அவன் மண்டையில் தானாக வந்து உட்கார்ந்தது.

ஏட்டில் துரையின் வேட்டை அனுபவத்துக்கு இடம் பற்றவில்லை என்று குணாளன் அந்தக் காலை வெட்டிவிட்டார். ஆகவே கால் விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

வேடப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மண்டபத்தில். டவுனில் இரவல் வாங்கிய கோட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்த சிரிலுக்கு, பாதி வழியில் மோட்டார் சைக்கிள் நின்றுபோயிற்று. மணி நாலு இருக்கும். பனி இறங்கிவிட்டது. தூறல் வேறு. குணாளனைத் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளினான்.

டொக்... டொக்...

முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். கறுப்புக் கோட்டு. கையில் பிரம்பு. இடது கால், பாதம் வெளிப்பக்கம் திரும்பி... இழுபட்டது.

சிரிலுக்குப் பயமே வரவில்லை. வயிறுதான் எரிந்தது. பிணத்தைக்கூட விட்டுவைக்காமல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டானா அந்த வாத்தி?

“டேய்! யாருடா நீ? சாரு அனுப்புனாரா?”

சிரில் வேகமாகத் தள்ளினான். முன்னால் போனவன் நொண்டி நொண்டித்தான் நடந்தான். இடைவெளி மட்டும் குறையவே இல்லை.

டொக்... டொக்...

மண் ரோட்டில் பிரம்பு ஊன்றினால் இப்படியா கேட்கும்? பலகைக் கதவில் தட்டுகிற சத்தம் அது.

தூறலில் சிரிலின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தக் கோட்டில் ஒரு துளி ஈரம் இல்லை.

“அது என் காலுடா! நான் கண்டுபுடிச்ச காலு!”

முன்னால் போனவன் நின்றான்.

திரும்பவில்லை.

“ஆள் எழும்பலையா?”

குரல் முன்னாலிருந்து வரவில்லை... சிரிலின் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

சிரில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினான்.

மண்டபத்துக்குள் அவன் விழுந்தடித்து நுழைந்ததும் ஒரே கைதட்டல். குணாளன் தொப்பி இல்லாமல், வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார்.

“என்னா நடிப்புலா சிரில்! ஒவ்வொருத்தரு நாற்காலியையும் ரெண்டு தட்டு தட்டி... கம்பால என் தொப்பியக்கூட தள்ளிட்ட, பரவால்ல. அதுக்குள்ள கோட்ட எங்க மாத்துன?”

கோட்டு பைக்குள் மடித்தபடியே இருந்தது.

“மூஞ்சியப் பாத்தீங்களா சார்?” என்று கேட்டான் சிரில்.

“பாக்காம? ஒன் மூஞ்சிதான்.”

தேநீர் ஊற்ற வந்திருந்த பாஞ்சாலைக் கிழவி மட்டும் தூக்குவாளியைக்கூட எடுக்காமல் போய்விட்டிருந்தாள். மறுநாள் காலையில் சிரில் அவள் வீட்டுக்குப் போனான். அவள் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

“ஜப்பான்காரன் காலத்துக்கு முன்ன இங்க ஒரு கங்காணி இருந்தாருப்பா. நேத்து மண்டபத்துக்கு வந்தது அவரேதான்.”

“அவருக்கும் கால் நொண்டியா ஆத்தா?”

“உசுரோட இருந்தப்ப குதிர மாதிரி நடப்பாரு. செத்த அன்னிக்கு மழை. சரிவுல பாடை நழுவி, பொணம் உருண்டு, எடது காலு ஒடஞ்சிருச்சு. பாதம் வெளிய திரும்பிக்கிச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்புடியே பொதச்சிட்டாங்க. தூக்குன நாலு பேருல எம் புருசன் ஒருத்தன். மத்த மூணு பேரும் அவனுக்கு முன்னமே போய்ச் சேந்துட்டாங்க.”

சிரில் வட்டத்தை விட்டு விலகினான். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் அவன் வீட்டு வானொலி பாடவில்லை. நடந்தது என்ன என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் முதல் பரிசு பூப்போட்ட ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். நடித்தது தான் இல்லை என்று சிரில் யாரிடமும் சொல்லவில்லை. கைநீட்டி வாங்கிக்கொண்டு போனான்.