பத்தி பிரிக்காத கடிதம்

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. ஆரம்பிப்பார்கள். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த நொடியில் நான் புகுந்துவிடுவேன். "சரி, இப்ப என்ன செய்யணும்ங்கறே?" என்று கேட்டு, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். இது கெட்ட பழக்கம் என்று என் கணவர் கல்யாணமான வருடமே சொல்ல ஆரம்பித்தார். இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

பாதிக் குற்றம் என் வேலையுடையது. கொல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகம். பெட்டி வரவில்லை, வந்தது நனைந்துவிட்டது, நனையாததை யாரோ திறந்துவிட்டார்கள் என்று வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. அதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு, பாராவைஸ் கமெண்ட்ஸ். வந்த கடிதத்தின் ஓரத்தில் பத்திக்குப் பத்தி எண் போட்டு, எண் வாரியாகப் பதில் எழுத வேண்டும். பத்தி ஒன்று: உண்மை. பத்தி இரண்டு: மறுக்கப்படுகிறது. பத்தி மூன்று: இவ்வலுவலகத்துக்குத் தொடர்பில்லாதது. இப்படிப் பிரித்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆவேசமும் அடங்கிவிடும். சிலர் பத்தியே பிரிக்காமல் மூன்று பக்கத்துக்குக் கொட்டியிருப்பார்கள். அப்போது சிவப்புப் பென்சிலால் நாமே கோடு போட்டுப் பிரித்துக்கொள்வோம். அதில் எனக்கு நல்ல பெயர். எங்கே வெட்டினால் பதில் சொல்ல வசதியோ, சரியாக அங்கே வெட்டுவேன்.

ஏழு வருடம் கேட்டுக் கேட்டு, ஒருவழியாகச் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவார். பிளஸ் டூ முடித்திருந்த மகள் மட்டும், "மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"அங்க நல்ல காலேஜ் இருக்கு. விசாரிச்சுட்டேன்."

"அது இல்லமா, நான்..."

"ஃப்ரெண்ட்ஸ்தானே? அங்கயும் கெடைப்பாங்க."

அவள் எழுந்து போய்விட்டாள். விஷயம் முடிந்தது என்று நான் அட்டைப்பெட்டி தேடப் போனேன்.

மூன்றாம் நாள், வீட்டருகே லேக் கார்டன்ஸில் நான் ஏறிய பஸ் வழக்கம்போல லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது, டிபன் பையில் நான்காக மடித்த கடிதம் ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தால், மகளின் கையெழுத்து, அதுவும் தமிழில்! பத்து வயதில் இந்த ஊருக்கு வந்த பெண். வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுதுவதென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மிரட்டலுக்குப் பயந்து எழுதியதோடு சரி. அவள் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு பத்தி கிடையாது. ஓரத்தில்கூட இடம் விடவில்லை, பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி எழுத்துகளை அடைத்திருந்தாள்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இங்கேயே தங்கி, கல்லூரியில் வங்காள இலக்கியம் படிக்க வேண்டுமாம். பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். நான் எண் போடுவேன். அலுவலகத்தில் உட்கார்ந்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடிதத்தைப் பதினான்கு பத்தியாக வெட்டினேன். பக்கத்து மேஜைக்காரர், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாதவர், எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த பார்ட்டி தீதி? ரொம்பக் கோபமாக எழுதியிருக்கிறார் போலிருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழைய பார்ட்டி, ரொம்ப நாளாகவே தொந்தரவு என்றேன்.

சாப்பாட்டு இடைவேளையில் பதில் தயார்.

பத்தி 1: அம்மா குறுக்கே பேசுவதாகக் கூறப்படுவது மறுக்கப்படுகிறது.

பத்தி 4: சரஸ்வதி பூஜை சென்னையிலும் உண்டு.

பத்தி 6: ஃபுச்கா கிடைக்காது என்பது சரியல்ல. பானிபூரி என்ற பெயரில் கிடைக்கும்.

பத்தி 9: அம்மா இல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை என விண்ணப்பதாரரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை.

பத்தி 10: பின்னர் பரிசீலிக்கப்படும்.

சாயங்காலம் கடிதத்தையும் பதிலையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மனதுக்குள் ஜெயித்த திருப்தி. திரும்பி வந்தபோது கணவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் சிரிக்கவில்லை.

"ஏ கீ மா! என்னது இது? பானிபூரியும் ஃபுச்காவும் ஒண்ணுங்கறியே, அதைக்கூட விடு. ஒம்பதும் பத்தும் ஒரே வரிமா. நீ நடுவுல கோடு போட்டுட்டே."

விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். "அம்மா இல்லாம இந்த ஊர்ல இருக்க முடியுமான்னு தெரியல ஆனா முடியுதான்னு பாக்கத்தான் இருக்கணும்ங்கறேன்." 'தெரியல'வுக்கும் 'ஆனா'வுக்கும் நடுவே என் சிவப்புக் கோடு நேராக, அழகாக இருந்தது. கணவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

தப்பை உடனே ஒப்புக்கொள்கிற வம்சம் இல்லை எங்களுடையது. "நீ ஒழுங்கா பத்தி பிரிச்சு எழுதியிருந்தா நான் ஏன்டீ வெட்டப்போறேன்? ஒரு விஷயம் முடியற எடத்துல இடம் விடணும். படிக்கறவ மூச்சு விட வேண்டாமா?" என்று கத்தினேன்.

"எடம் விட்டா நீ அங்க பேச ஆரம்பிச்சுடுவியே மா. அதான் விடல."

கணவர் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். எனக்கு முகம் எரிந்தது. ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பத்தி பத்தியாகப் படித்தவள் நான். எதிராளி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் அந்த இடத்தை விடுகிறார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. பெற்ற பெண்ணுக்கு என்மேல் அந்த நம்பிக்கை ஒரு விரற்கடை அளவுகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

"படி. முழுசாப் படி. நான் பேசல" என்றேன்.

நின்றுகொண்டே படித்தாள். நான்கு பக்கமும். இரண்டு வீடு தள்ளியிருக்கும், அவள் மாஷி என்று கூப்பிடும் வங்காளப் பெண்மணி தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னதும், எந்தக் கல்லூரிக்கு எந்த பஸ் என்பதும், என்னிடம் இதைச் சொல்லப் பயந்து இரண்டு மாதம் சுற்றியதும் அதில் இருந்தன. காலையில் இவையெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. ஃபுச்கா வந்த இடத்தில் என் வாய் தானாகத் திறந்தது. கணவர் அதில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். மென்றுகொண்டே கேட்டேன். முடித்துவிட்டுக் காகிதத்தை இறக்காமல், முகத்தை மறைத்தபடியே நின்றாள்.

"இரு" என்றேன். "இங்கயே இருந்து படி."

காகிதம் மெல்ல இறங்கியது. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேணாம்னுதான் சொல்லுவே, அதுக்கு என்னென்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன் மா" என்றாள். "நெஜமாவே என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"