கந்தப்பன் காப்பாற்றிய ஈ.சி.ஜி. பெட்டி

திருச்செங்கோட்டில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஈ.சி.ஜி. பெட்டிதான் இருந்தது. ஐம்பத்தாறில் வெளிநாட்டிலிருந்து வந்தது. உள்ளே எல்லாம் பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வுகள். 1974 கோடையில் அது கெட்டுப்போனது. கோடு போடும் முள் காகிதத்தின் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கே ஓடியது. சென்னையிலிருந்து வந்து பார்த்தவர், "இதுக்குப் பார்ட்ஸே இப்பச் செய்யறதில்ல, தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புதிது வாங்க எங்களுக்கு வழியில்லை.

அன்று கிணற்று மோட்டாரைச் சரிசெய்ய வந்திருந்தவர் கந்தப்பன். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்ப்பது அவருடைய பித்து. படிப்பு எட்டாவதோடு சரி. அவர் எங்கள் டாக்டரிடம் கேட்டார்:

"டாக்டரம்மா, நான் ஒருக்கா பாக்கட்டுங்களா? இனி கெடறதுக்கு அதுல என்னங்க இருக்குது?"

ஞாயிறுதோறும் வந்தார். ஐந்து வாரம் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு கம்பியும் எங்கே புறப்பட்டு எங்கே சேர்கிறது என்று காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தார். பதினேழு தாள்கள்! ஆறாவது வாரம் மெழுகு பூசிய ஒரு கன்டென்சரைக் காட்டி, "இதுதானுங்க கரண்ட்டக் கசிய விடுது" என்றார். ரேடியோவிலிருந்து எடுத்த ஒன்றை அந்த இடத்தில் பற்றவைத்தார். முள் நடுவில் வந்து நின்றது.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. டாக்டர் அவரையே படுக்கச் சொன்னார். கைகால்களில் பட்டைகளைக் கட்டினேன். காகிதம் நகர்ந்தது, கோடு துள்ளி எழுந்து, இறங்கி, மறுபடி துள்ளியது.

"ஏனுங்க இப்படிக் குதிக்குது?"

"அது உங்க இதயம், கந்தப்பன்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நானுங்களா இது?" என்றார். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, மடிக்க மனமில்லாமல் கையில் பிடித்தபடியே போனார்.

பிறகு பதின்மூன்று வருடம் அந்தப் பெட்டி ஓடியது. சேலம், ராசிபுரம் பழைய சாமான் கடைகளில் அவர் வால்வுகள் தேடுவார். இதயத்தின் துளி மின்சாரத்தை முதலில் வாங்கும் இரண்டு வால்வுகளும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒருமுறை அறுபதைச் சோதித்து ஒரே ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்.

எண்பத்தேழில் புது மெஷின் வந்தது. டாக்டர் ஒரே நோயாளிக்கு இரண்டிலும் எடுத்து, கோடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். இம்மியும் பிசகவில்லை. கந்தப்பனைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"புதுசும் நல்லாத்தான் வரையுதுங்க" என்றார்.