கலாசாரப் பக்கத்துப் பிணங்கள்

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கலை விமர்சனம், நான் பிணமாகக் கிடந்ததற்குக் கிடைத்தது. டென்மார்க்கில், நாங்கள் வாழ்கிற ஓகூஸ் நகரத்தில் எல்லோர் வீட்டுக்கும் வருகிற பத்திரிகை ஒன்றின் கலாசாரப் பக்கத்தில், பெரிய படத்தோடு வந்தது. படத்தின் நடுவில் சிறு குன்று போல எழும்பி நிற்பது என் வயிறு. அதைப் பற்றிக்கூட நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த விமர்சனத்தை நினைத்தால் யாருக்காவது ஓங்கி ஒன்று கொடுக்கலாம் போலிருக்கிறது. யாருக்கு என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை.

வன்னியில் போர் முடிந்த ஆண்டு, வைகாசி மாதம். என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு, கடலுக்கும் களப்புக்கும் நடுவே நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்த அந்த மணல் துண்டில் மாட்டியிருந்தான். யாரோ ஒருவருடைய தொலைபேசியில் கடைசியாகக் கதைத்தபோது அவன் உதவி எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, இஞ்சை சனம் இல்லையெண்டு சொல்லிச் சொல்லி அடிக்கிறாங்கள். சனம் இருக்கெண்டு உங்கை பேப்பரிலை போடச் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து என் மனைவிக்கு அந்த ஒரு வரிதான் வேலை. டேனிஷ் பத்திரிகையில், டேனிஷ் மொழியில், ஒரு வரி வரவேண்டும்: அங்கே சனம் இருக்கிறது. தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டும்போது அவர்களிடமும் சொன்னாள். அவர்கள் நம்பினார்கள். சிலர் அழவும் செய்தார்கள். பத்திரிகைக்காரர்கள் மட்டும், பார்க்கிறோம் என்றார்கள்.

பதாகை பிடித்தோம். கையெழுத்து வாங்கினோம். சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்து எங்களை விலகச் சொன்னார்கள். கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற அண்ணை ஒரு யோசனை சொன்னார். அவர் பஸ் சாரதி. ஆட்கள் எதைத் திரும்பிப் பார்ப்பார்கள், எதைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"நிண்டு கத்தினால் ஒருத்தனும் பாக்கிறான் இல்லை. படுப்பம். செத்த ஆக்கள் மாதிரிப் படுத்தால் பாத்துத்தானே ஆகவேணும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நகரத்தின் நடுச் சதுக்கத்தில் வெள்ளைத் துணிகளை விரித்துப் படுத்தோம். இரத்தத்துக்கு, போத்தலில் ஊறவைத்து விற்கிற பீட்ரூட்டின் சாறு. பெயின்ற் என்றால் கல்லில் பிடித்துவிடும், நகரசபை தண்டம் போடும் என்று பயம். இனப்படுகொலையைக் காட்டும்போதுகூட நகரசபையின் கல்லுக்கு மரியாதை கொடுக்கிற சாதி நாங்கள். அதனால் எங்கள் பிணங்கள் எல்லாவற்றிலும் வினாகிரி மணத்தது.

படுக்கத் தொடங்கியதும் அண்ணை ஓடி வந்தார்.

"தலையைத் தெற்காலை வையுங்கோ! பிணமெண்டால் முறைப்படி கிடக்க வேணும்."

பக்கத்தில் கிடந்த பாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். வாரநாளில் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறவர், ஞாயிறில் பெந்தெகொஸ்தே சபை நடத்துகிறவர். நெற்றியிலிருந்து பீட்ரூட் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, எங்கடை ஆக்கள் கிழக்கை பாத்துத்தான் கிடப்பினம். ஆண்டவர் வாறது அந்தப் பக்கத்தாலை."

"தம்பி, இது நடிப்பு."

"நடிப்பெண்டால் பிறகென்னத்துக்குத் தெற்கு?"

"அவர் வரேக்கை நீங்கள் திரும்பிப் படுங்கோவன்!"

கிடந்த பிணங்களில் பாதி சிரித்தது, மீதி முறைத்தது. முடிவில் சைவர்கள் தெற்கே தலை வைத்தோம். கிறிஸ்தவர்கள் மேற்கே தலையும் கிழக்கே காலுமாகக் கிடந்தார்கள். அந்த மணலில் அதே நேரம் விழுந்துகொண்டிருந்தவர்களுக்குத் திசை கேட்க நேரம் இருந்திருக்காது என்று, தெற்கே தலை வைத்துக்கொண்டு, நான் நினைத்தேன். ஆனால் தலையை மாற்றவில்லை.

சனம் நின்று பார்த்தது. அண்ணை சொன்னது சரி. பிறகு யாரோ கைதட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பு உடுப்பும் சிவப்புச் சட்டக் கண்ணாடியுமாக ஒரு பெண் என் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தாள். பத்திரிகைக்குக் கலை விமர்சனம் எழுதுகிறவளாம்.

"உடலை வைத்து எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள்?"

"நான் சீஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்."

அவள் மகிழ்ந்துபோய் அதை எழுதிக்கொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்து, என்னால் முடிந்த அளவு திருத்தமான டேனிஷில் சொன்னேன்: "இது ஆர்ப்பாட்டம். இலங்கையில் போர் நடக்கிறது. சனத்தின் மேல் குண்டு போடுகிறார்கள். என் மனைவியின் தம்பி அங்கே இருக்கிறான்."

"நிச்சயமாக," என்றாள், என் தோளில் கை வைத்து. "நல்ல கலை எல்லாமே ஆர்ப்பாட்டம்தானே."

திங்கட்கிழமை விமர்சனம் வந்தது. அறுபதுகளில் அமெரிக்கக் கலைஞர்கள் ஓவியச் சீலையை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்களாம்; உடலையே கலையாக்கினார்களாம்; நாங்கள் அவர்களுடைய வாரிசுகளாம். பீட்ரூட் தெளித்த விதத்தில், தரையில் சீலையை விரித்துச் சாயத்தை வீசிய அமெரிக்கர்களின் கை தெரிகிறதாம். தெளித்தது பாஸ்டரின் மனைவி, போத்தல் மூடி இறுகிப்போன எரிச்சலில். எல்லாவற்றுக்கும் மேலாக, உடல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த ஒழுங்கு! நியூயோர்க் ஓவியர்களின் சிக்கனமான கட்டங்களும் கிழக்கத்தைய ஆன்மிகமும் அங்கே கைகோத்தனவாம். அண்ணையும் பாஸ்டரும் போட்ட சண்டைக்கு அமெரிக்காவில் ஒரு வம்சாவளி இருப்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

நூலகத்தில் அந்த அமெரிக்கர்களைப் பற்றிய புத்தகங்களை எடுத்துப் படித்தேன். கோபத்தில் படித்தால் நன்றாக மனதில் பதிகிறது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்களைப் பற்றி அவள் எழுதியது எல்லாமே சரி. இரண்டாம் உலகப் போர் என்கிற தங்கள் பெரிய போர் முடிந்ததும் அவர்களில் பலர் படத்திலிருந்து மனிதர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். சிலர் சென் பௌத்தத்திடமும் வேதாந்தத்திடமும் போய் வெறுமையை வாங்கி வந்து சுவரில் மாட்டினார்கள். அவர்களுக்கு அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். அந்தச் சுவரை வைத்துப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, மனிதர்களே வந்து கிடந்தாலும் கட்டம்தான் தெரியும் என்பது அவர்கள் பிழையல்ல. டேனியர்களுக்கு மதம் இல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அருங்காட்சியகத்துக்குள் அவர்கள் குரலைத் தாழ்த்தி நடப்பதைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆக அன்று சதுக்கத்தில் மூன்று மதங்கள் இருந்தன. பிணம் எப்படிக் கிடக்க வேண்டும் என்பதில் மூன்றுக்கும் கருத்து இருந்தது. யாருடைய பிணம் என்று ஒன்றும் கேட்கவில்லை.

மனைவி பத்திரிகையை என் மடியில் வைத்தாள். "இஞ்சாருங்கோ, சனம் எண்டு எங்கை போட்டுக் கிடக்கு?"

தேடினேன். "உருவங்கள் எண்டு கிடக்கு."

"உருவங்களோ? என்ரை தம்பி உருவமோ?"

முதியோர் இல்லத்துச் சீருடையோடேயே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். நான் பின்னால் போனேன். ஆசிரியர்களில் ஒருவர், இளையவர், மிகவும் பண்பானவர், எங்களை உட்காரவைத்தார்.

"ஆனால் இது மிக நல்ல விமர்சனம் அல்லவா?"

"அங்கே சனம் இருக்கிறது," என்றாள் மனைவி. "அதை எழுதுங்கள்."

"வெளிநாட்டுச் செய்தி எங்களுக்கு ஏஜென்சியிலிருந்து வருகிறது. அதை நாங்கள் எழுதுவதில்லை. உள்ளூர்க் கலாசாரம்தான் எங்களுடையது."

"என் தம்பி சாவது கலாசாரமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. பிழை நேர்ந்திருந்தால் திருத்தம் போடலாம் என்றார்.

போட்டார்கள். தொலைக்காட்சியில் போர் முடிந்தது என்று அறிவித்து, இலங்கையின் தெற்கில் சிங்களவர்கள் வெற்றிக்குத் தெருவில் பாற்சோறு கொடுப்பதைக் காட்டிய அன்று வந்தது. காலநிலை அறிக்கைக்குக் கீழே இரண்டு வரி. சதுக்கத்தில் நடந்தது கலை நிகழ்வல்ல, ஆர்ப்பாட்டம், தவறுக்கு வருந்துகிறோம். என்ன ஆர்ப்பாட்டம், எதற்கு என்று இல்லை. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். எத்தனை முறை வாசித்தாலும் அந்த இரண்டு வரிக்குள் ஒரு ஆள் இல்லை.

"சண்டை முடிஞ்சுதாமப்பா," என்றேன், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு.

"சண்டை முடிஞ்சால் முடியட்டும். சனம் முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது? நாளைக்கும் அந்தப் பேப்பர்க்காரரிட்டைப் போவம்."

போனோம். எங்களுக்குக் கோப்பி தந்தார்கள்.